பழைய குட்டைக் குழல் .38 ஸ்பெஷல் ரிவால்வருக்கு எந்தத் தோட்டா?

முதலில் குழலில் பொறித்திருப்பதைப் படியுங்கள், ஏனென்றால் .38 எஸ் அண்ட் டபிள்யூவும் .38 ஸ்பெஷலும் பெயரில்தான் நெருக்கம், இரண்டும் வெவ்வேறு தோட்டாக்கள், ஒன்றுக்கு மற்றொன்றைப் போடவே கூடாது. அப்புறம் துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் கொடுத்து, சிலிண்டர் (தோட்டாக்கள் நிற்கும் சுழலும் உருளை) ஆடுகிறதா, அதன் ஒவ்வொரு அறையும் குழலுக்கு நேராக நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பிளஸ் பி தோட்டா கூடுதல் அழுத்தம் தருவது. தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால் ஒழிய, குறிப்பாகப் பழைய அலுமினிய உடல் கொண்டவற்றில், அதைத் தொடாதீர்கள்.

2 அங்குலக் குழலில் வேகம் குறைவு, அதனால் ஹாலோ பாயிண்ட் குண்டு (முனையில் குழியுள்ளது, பட்டதும் விரிய வேண்டியது) பல நேரம் விரியாமலே போய்விடும். என் தேர்வு சாதாரண அழுத்தத்தில் வரும் 148 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) வாட்கட்டர்தான்: தட்டையான முனை, மிதமான உதைப்பு, போதுமான ஆழம், விரிவதை நம்பி இருக்கவும் வேண்டாம். ஒரே குறை, முனை தட்டை என்பதால் அவசரத்தில் மறுபடி நிரப்புவது கஷ்டம்.

நிலையான குறிமுள் (குறிபார்க்க உதவும், நகர்த்தித் திருத்த முடியாதது) உள்ளவை பெரும்பாலும் 158 கிரெய்னுக்கு ஒத்துப்போகும்படி அமைந்தவை, எனவே எடை மாறினால் குண்டு சற்று மேலேயோ கீழேயோ படும், சுட்டுப் பார்த்துவிடுங்கள். எடை குறைந்த துப்பாக்கி என்றால் மற்றவற்றைச் சுட்டுவிட்டு, கடைசித் தோட்டாவை மட்டும் சுடாமல் வெளியே எடுத்துப் பாருங்கள். உதைப்பில் அதன் குண்டு முன்னால் நகர்ந்திருந்தால் அந்த வகையே வேண்டாம், சிலிண்டர் சுழலாமல் சிக்கிக்கொள்ளும்.