டிராக் காருக்கு பெடலும் லிங்கேஜும் நாமே செய்வது எப்படி?

பழைய மாருதி எஸ்டீம் கார் ஒன்றை வாங்கி, சீட், கார்பெட், ஏசி எல்லாவற்றையும் கழற்றிப் போட்டு டிராக் (drag) கார், அதாவது 402 மீட்டர் நேர்கோட்டுப் பந்தயக் கார் ஆக்கத் தொடங்கினால், கவனம் முழுக்க இன்ஜின் பக்கமே போகும். பெடல் கடைசியில்தான் நினைவுக்கு வரும். ஆனால் 402 மீட்டரை முடித்த பிறகு அந்த வண்டியை நிறுத்தப் போவது நீங்கள் செய்த ஒரு இரும்புப் பட்டையும் நாலு போல்ட்டும்தான். அதனால் இதை நிதானமாகச் செய்வோம்.

கம்பெனி பெடலையே வைத்துக்கொண்டால் என்ன? வைக்கலாம், பூஸ்டர் (இன்ஜினின் வாக்யூமைக் கொண்டு கால் விசையைக் கூட்டும் பிரேக் கருவி) இருக்கும் வரை. பந்தயத்துக்கான கேம் ஷாஃப்ட் (இன்ஜின் வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்டால் ஐடிலில் வாக்யூம் குறைந்துவிடும், பூஸ்டர் சரியாக வேலை செய்யாது. அதனால் பலரும் அதைக் கழற்றிவிடுகிறார்கள். பூஸ்டர் உள்ள வண்டியின் பெடல் விகிதம் (கால் விசையைப் பெடல் எத்தனை மடங்கு ஆக்குகிறது என்பது) ஏறக்குறைய 4:1 இருக்கும். அதே பெடலைப் பூஸ்டர் இல்லாமல் மிதித்தால் கருங்கல்லை மிதிப்பது போல இருக்கும். நமக்கு 6:1 வேண்டும்.

படி 1: முதலில் சீட்

சீட்டை போல்ட் போட்டு இறுக்கிவிட்டு, ஹெல்மெட், ஷூ, பெல்ட் எல்லாம் போட்டு உட்காருங்கள். பெல்ட்டை இறுக்கினால் உடம்பு பின்னால் போகும், கால் எட்டும் தூரம் மாறும். வெறுமனே உட்கார்ந்து எடுத்த அளவு உதவாது. பெடலை முழுக்க மிதித்த நிலையிலும் முழங்கால் கொஞ்சம் மடங்கி இருக்க வேண்டும், அப்போதுதான் காலுக்கு பலம் வரும். கெட்டி அட்டையில் பெடலை வெட்டி, ஒரு ஆணியில் மாட்டி ஆட்டிப் பாருங்கள். நான் முதல் நாள் முழுவதும் அட்டையோடுதான் இருப்பேன். அட்டையை வெட்டுவது இரும்பை வெட்டுவதைவிட எளிது.

படி 2: விகிதம்

மேலே பிவட் (பெடல் ஆடும் அச்சு), கீழே கால் வைக்கும் பேட், நடுவில் மாஸ்டர் சிலிண்டரை (பிரேக் எண்ணெயை அழுத்தும் சிலிண்டர்) தள்ளும் புஷ் ராடு. பிவட்டிலிருந்து பேட் நடுவரை 300 மி.மீ., பிவட்டிலிருந்து புஷ் ராடு துளைவரை 50 மி.மீ. என்றால் 300 ÷ 50 = 6. அதுதான் 6:1.

40 கிலோ விசையில் மிதித்தால் புஷ் ராடில் 240 கிலோ. முக்கால் இஞ்ச் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் பரப்பு 2.85 சதுர செ.மீ. வகுத்தால் ஒரு சதுர செ.மீ.க்கு 84 கிலோ, அதாவது சுமார் 1,200 பிஎஸ்ஐ. நல்ல பிரேக்குக்கு இது போதும். விகிதத்தைக் கூட்டினால் இன்னும் லேசாகும்தானே என்று தோன்றும். ஆனால் பிஸ்டன் 15 மி.மீ. நகர 6:1 பெடலில் கால் 90 மி.மீ. போக வேண்டும். 8:1 என்றால் 120. கால் தரையில் முட்டிவிடும்.

படி 3: பட்டை எவ்வளவு தடிமன்?

இங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். நான் செய்த முதல் பெடல் 40 x 6 மி.மீ. எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) பட்டை. பார்க்க கெட்டியாக இருந்தது. நிற்கிற வண்டியில் ஓங்கி மிதித்தபோது புஷ் ராடு துளைக்குப் பக்கத்தில் லேசாக வளைந்துவிட்டது. அப்புறம்தான் கணக்குப் போட்டேன்.

ஃபார்முலா ஸ்டூடன்ட் மாணவர் கார்களுக்கான விதியில் பிரேக் பெடல் 2,000 நியூட்டன், அதாவது சுமார் 204 கிலோ தாங்க வேண்டும் என்று இருக்கிறது. பயத்தில் மிதிக்கிற காலுக்கு அது நியாயமான கணக்கு. அந்த விசையில் புஷ் ராடு துளை இருக்கும் இடத்தில் 40 x 6 பட்டைக்கு சுமார் 312 எம்.பி.ஏ. (மெகாபாஸ்கல்) அழுத்தம் வருகிறது. சாதாரண எம்.எஸ். சுமார் 250-லேயே வளையத் தொடங்கிவிடும். 40 x 10 பட்டை என்றால் 187தான். எனவே 10 மி.மீ. போடுங்கள். எடை குறைக்கிறேன் என்று அதில் வரிசையாக ஓட்டை போடாதீர்கள். புஷ் ராடுக்கும் ஒரே ஒரு துளை. பின்னால் விகிதத்தை மாற்றலாம் என்று பக்கத்தில் இன்னொன்று போட்டால் இடையில் இரும்பே மிஞ்சாது.

படி 4: பிவட்

பெடலின் தலையில் ஒரு குழாயை வெல்டிங் செய்து, உள்ளே கன்மெட்டல் புஷ் (bush, அச்சைச் சுற்றி இருக்கும் உள்குழாய்), அதற்குள் ஒரு ஸ்டீல் ஸ்லீவ், ஸ்லீவுக்குள் 8.8 கிரேடு எம்10 போல்ட். லேத்தில் ஸ்லீவை புஷ்ஷைவிட 0.2 மி.மீ. நீளமாக வெட்டச் சொல்லுங்கள். போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் இறுக்கம் ஸ்லீவில்தான் விழும், பெடல் தன் பாட்டுக்கு ஆடும். நீளம் சமமாக இருந்தால் நட்டை இறுக்கியதும் பெடல் பிடித்துக்கொள்ளும். தளர்த்தினால் ஆட்டம். இந்த 0.2 மி.மீ.க்குள் இருக்கிறது பெடலின் சுகம். வெல்டிங் சூட்டில் குழாய் சுருங்கும், ஆகவே புஷ்ஷை வெல்டிங் முடிந்து ஆறிய பிறகு ரீமர் (துளையைச் சரியான அளவுக்குச் சீர்செய்யும் கருவி) விட்டு ஏற்றுங்கள். சிவந்த இரும்பைத் தண்ணீரில் போடாதீர்கள். வெல்டிங் கை பழகாதவர் என்றால் இந்த இடத்தை மட்டுமாவது அனுபவசாலியிடம் கொடுங்கள்.

படி 5: மாட்டுவது

அதே 2,000 நியூட்டன் மிதியில் புஷ் ராடு 12,000 நியூட்டன் முன்னால் தள்ளும், பிவட் 10,000 நியூட்டன் பின்னால் இழுக்கும். ஒரு டன்! மெல்லிய ஃபயர்வால் (இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் சுவர்) தகடு அதைத் தாங்காது. 3 மி.மீ. தகடு ஒன்றை உள்பக்கம் வைத்து, பெடல் பாக்ஸையும் (பெடல் தொங்கும் சட்டம்) மாஸ்டர் சிலிண்டரையும் அதே தகட்டில் பிணைத்து, தகட்டை ரோல் கேஜ் (வண்டி உருண்டால் ஓட்டுபவரைக் காக்கும் குழாய்க் கூண்டு) குழாயோடு சேர்த்துவிடுங்கள்.

பாதி மிதித்த நிலையில் புஷ் ராடும் பெடலும் செங்கோணத்தில் இருக்கட்டும். கிளெவிஸ் (புஷ் ராடு முனையில் இருக்கும் U வடிவக் கவ்வி) பெடலை இரண்டு பக்கமும் பிடிக்க வேண்டும், அது தளராமல் இருக்க செக் நட் கட்டாயம். கால் எடுத்த நிலையில் புஷ் ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் 1 மி.மீ. இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் மாஸ்டர் சிலிண்டருக்குள் எண்ணெய் திரும்பிப் போகும் சிறு துளை மூடியே இருக்கும். சூட்டில் விரிந்த எண்ணெய் போக இடமில்லாமல் பிரேக் தானாகப் பிடிக்கும்.

கிளட்ச் பெடலும் இதே முறைதான். தேவைக்கு மேல் போகாமல் ஒரு ஸ்டாப் போல்ட் மட்டும் வையுங்கள்.

படி 6: ஆக்சிலரேட்டர்

ஃபயர்வாலிலிருந்து இன்ஜினுக்கு நேராகக் கம்பி லிங்கேஜ் (பெடலை இன்ஜினோடு இணைக்கும் அமைப்பு) போட ஆசைப்படாதீர்கள். கிளட்ச்சை விட்டதும் இன்ஜின் மவுண்ட்டில் முறுக்கிக்கொண்டு அசையும். கம்பி விறைப்பாக இருந்தால் அந்த அசைவே திராட்டிலை (இன்ஜினுக்குள் காற்று போகும் வழியைத் திறந்து மூடும் வால்வு) திறந்துவிடும். கேபிள் நல்லது. வெளிக்கூட்டை வளைவாக, கொஞ்சம் நீளம் விட்டு ஓட்டுங்கள்.

திராட்டில் முழுக்கத் திறந்த அதே நொடியில் பெடல் ஒரு ஸ்டாப் போல்ட்டில் முட்ட வேண்டும். ஸ்டார்ட்டில் ஓங்கி மிதிக்கிற விசையை கேபிள் நிப்பிள் (கேபிள் முனையில் இருக்கும் குமிழ்) தாங்கும்படி விடக் கூடாது. திரும்பும் ஸ்பிரிங் பெடலில் மட்டும் இருந்தால் போதாது. கேபிள் அறுந்தால் திராட்டிலை மூட ஆளிருக்காது. ஸ்பிரிங் நேராகத் திராட்டில் கையில் இருக்க வேண்டும். 1951-ல் தொடங்கிய அமெரிக்காவின் டிராக் பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.வின் விதியும் இதைத்தான் கேட்கிறது. லிங்கேஜ் நேர்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் விழுந்து திறந்தபடியே நின்றுவிடாமல் தடுப்பு வேண்டும் என்றும் அதில் உண்டு.

படி 7: சோதனை

இன்ஜின் ஓடாமல், ஆக்சிலரேட்டரை 20 தடவை மிதித்து சட்டென்று விடுங்கள். ஒவ்வொரு முறையும் "டக்" என்று சத்தம் கேட்க வேண்டும். ஒரு தடவை மெதுவாக வந்தாலும் கேபிளைக் கழற்றிப் பாருங்கள்.

பிரேக்குக்கு, வீட்டில் எடை பார்க்கும் மெஷினைக் காலுக்கும் பேடுக்கும் நடுவில் வைத்து 40 கிலோ காட்டும்வரை மிதியுங்கள். பிளீடர் துளையில் (பிரேக் எண்ணெயிலிருந்து காற்றை வெளியேற்றும் துளை) பிரஷர் கேஜ் மாட்டினால் 1,200 பிஎஸ்ஐ-க்குப் பக்கத்தில் நிற்கும். அப்புறம் ஃபோனை ஃபயர்வாலுக்கு நேராக வைத்து வீடியோ ஓடவிட்டு, முழு பலத்தோடு மிதியுங்கள். தகடு அசைவது வீடியோவில் தெரிந்தால் இன்னொரு தாங்கு வேண்டும்.

அசையவில்லை என்றால், எல்லா நட்டிலும் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிட்டு, காலி மைதானத்தில் 20 கி.மீ. வேகத்தில் பத்து தடவை நிறுத்திப் பாருங்கள். திரும்பி வந்து கோடுகள் நேராக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகு பந்தயத்துக்குக் கிளம்பலாம்.