ஐம்பதில் கிட்டார்: ஆடி மாதம் கைவிடுகிறவர்களுக்கு

போன வாரம் எங்கள் தெரு ஆட்டோக்கார நண்பர் கிட்டாரை உறையோடு கொண்டுவந்து திண்ணையில் சாய்த்தார். "எனக்க விரலு அம்பத்திரண்டு வயசு விரலாக்கும் அண்ணே, இனி வளையாது. பிள்ளைகள் யாருக்காவது வேணும்னா குடுத்திருங்க" என்றார். வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை.

மார்த்தாண்டம் பக்கம் இந்த வசனத்தோடு என்னிடம் வந்தவர்களில் இவர் நான்காவது ஆள். அவர்களுக்கெல்லாம் முன்பே இதைச் சொன்னவன் நான்தான், 48 வயதில்.

ட்யூன் பண்ணாமல் வாசிப்பது, இடது கை நகத்தை வெட்டாமல் விடுவது இதெல்லாம் தவறு என்று எந்த வீடியோவும் சொல்லும். நான் சொல்ல வந்தது வேறு தவறுகள்.

கிட்டாரின் குற்றத்தை வயதின் தலையில் போடுவது

என் முதல் கிட்டாரில் கம்பியை அழுத்தினால் விரல் நுனியில் பள்ளம் விழும், சத்தம் மட்டும் வராது. வாங்கின கடையில் கேட்டேன். "புதுசுல அப்படித்தான், விரலு பழகீரும்." எட்டு மாதம் பழக்கினேன். ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் எஃப் கார்டு ஒரு நாள்கூட முழுசாக ஒலிக்கவில்லை. வயசாகிவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதி அதைப் பரணில் ஏற்றினேன். ஒன்றரை வருடம் கழித்து ஆசை விடாமல் 14,000 ரூபாய்க்கு இன்னொன்று வாங்கினேன். அதிலும் அதே கதை!

கடைசியில் திருவனந்தபுரத்தில் கிட்டார் ரிப்பேர் பார்க்கும் ஒருவரிடம் இரண்டையும் தூக்கிக்கொண்டு போனேன். ஒரே ஒரு தடவை அழுத்திப் பார்த்தவர், "விரலினல்ல சேட்டா, கிட்டாரினா அசுகம்" என்றார். நோய் கிட்டாருக்காம். மேல்பலகையில் ஒட்டியிருக்கும் பிரிட்ஜில் கம்பிகள் ஏறி உட்காரும் அந்த வெள்ளைத் துண்டை, அதாவது சேடிலை, உருவி, அதன் அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்துத் திரும்ப மாட்டினார். அரை மணி நேர வேலை, 500 ரூபாய். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இப்போதும் வருகிறது.

ஆகவே முதலில் அளந்து பாருங்கள். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில் பன்னிரண்டாவது, அதாவது 12ஆவது ஃப்ரெட், பெரும்பாலும் இரட்டைப் புள்ளி இருக்கும் இடம். அந்த உலோகப் பட்டையின் தலைக்கும் தடித்த கம்பியின் அடிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? ஸ்டீல் கம்பி கிட்டாரில் 2 முதல் 2.5 மி.மீ. இருந்தால் நல்லது. மெல்லிய கம்பிக்கு 1.5 முதல் 2. என்னுடையது 4.5 இருந்தது. (நைலான் கம்பி கிளாசிகலில் 4 வரை சாதாரணம், பதற வேண்டாம்.) பல அளவு ஸ்கேல்களில் பூஜ்யம் விளிம்பிலிருந்து தள்ளித்தான் தொடங்கும், அந்தத் தூரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

12ஆவது ஃப்ரெட் கம்பியின் இரண்டு முனைக்கும் நட்ட நடுவில் இருப்பதால், அங்கே 1 மி.மீ. இறங்க சேடிலில் 2 மி.மீ. தேய்க்க வேண்டும். அதிகம் தேய்த்துவிட்டால் ஒட்டவைக்க முடியாது. தெரிந்த கையிடமே கொடுங்கள்.

எஃப் கார்டு மட்டும் உயிரை வாங்குகிறதா? அதே பிடியை 5ஆவது ஃப்ரெட்டில் பிடித்துப் பாருங்கள். அங்கே ஒலித்து முதல் ஃப்ரெட்டில் செத்துக் கிடந்தால் தலைப்பக்கத்தில் கம்பிகள் உட்காரும் துண்டான நட்டில் கம்பியின் பள்ளம் ஆழம் போதவில்லை என்று சந்தேகப்படலாம். அதுவும் சின்ன வேலைதான். கூடவே தடித்த 12 செட் கம்பியைக் கழற்றிவிட்டு மெல்லிய 10 செட் போடச் சொல்லுங்கள், இழுவிசை குறையும்.

மழையை மறப்பது

பள்ளி லீவில் பிள்ளைகளுக்கு வாங்கும்போது நமக்கும் ஒன்று என்று சித்திரையில் வாங்குகிறோம். அடுத்த மாதமே இடவப்பாதி மழை பிடிக்கிறது. மரம் ஈரம் குடித்து உப்பினால் மேல்பலகை எழும்பும், கம்பியும் கூடவே உயரும். சித்திரையில் சுமாராக இருந்தது ஆடியில் முரண்டு பிடிக்கும். நாம் என்னவோ நம் ஆர்வம்தான் வடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். ஓதம் ஏறும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் கம்பியைத் துடையுங்கள், நம்மூர் வியர்வைக்குத் துரு சீக்கிரம் ஏறும். துருப்பிடித்த கம்பியும் விரலை அறுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம்

அதற்குப் பதில் தினம் கால் மணி நேரம். ரப்பர் பால்வெட்டு முடிந்து வந்து வாசிக்கிற ஒருவர் இப்படித்தான் இரண்டு வருடமாக விடாமல் இருக்கிறார்.

மகனோடு போட்டி

வேண்டாம்.

கோபத்தில் கொடுத்துவிடுவது

ஆட்டோக்காரரின் கிட்டார் இன்னும் என் திண்ணையில்தான் இருக்கிறது. அளந்தேன், 4 மி.மீ. சனிக்கிழமை இருவரும் திருவனந்தபுரம் போகிறோம். ஆட்டோவிலேயே போய்விடலாம் என்று அவருக்கு ஆசை, ஆனால் கேரள எல்லையான களியக்காவிளை தாண்ட பெர்மிட் இல்லை. பஸ்தான்.