ஒளி போதுமானதாக இருந்தும் பிழைகள்: ஃபைபர் மாட்யூல் தேர்வில் என் அனுபவம்

இரு கட்டடங்களின் ஸ்விட்சுகளை 1 ஜிகாபிட்டிலிருந்து 10 ஜிகாபிட்டுக்கு உயர்த்தியபோது, இணைப்பு விளக்கு பச்சையாக எரிந்தும் சிஆர்சி பிழைகள் (தரவு சிதைந்து வந்ததைக் காட்டும் எண்ணிக்கை) ஏறிக்கொண்டே இருந்தன. கனெக்டர்களைத் துடைத்தும், பேட்ச் கார்டுகளை (குட்டையான இணைப்பு கேபிள்களை) மாற்றியும் பயனில்லை. ஸ்விட்சில் செருகி மின் சமிக்ஞையை ஒளியாகவும் ஒளியை மின் சமிக்ஞையாகவும் மாற்றும் மாட்யூல் காட்டிய ஒளியளவு வரம்புக்குள் நன்றாகவே இருந்ததால், ஒளியின் இழப்பைவிட அதன் சிதறலே (ஒளித் துடிப்புகள் வழியில் அகன்று ஒன்றோடொன்று கலப்பதே) காரணமாக இருக்க வேண்டும் என்று கருதி, கேபிளின் உறையைப் பார்த்தேன். ஆரஞ்சு நிற உறையில் 62.5/125 என்று அச்சாகியிருந்தது. அது ஓஎம்1 எனப்படும் பழைய மல்டிமோட் ஃபைபர், அதாவது ஒளி பல பாதைகளில் செல்லும் வகை. நாங்கள் பொருத்தியிருந்த, 850 நானோமீட்டர் ஒளியில் இயங்கும் குறுந்தொலைவு எஸ்ஆர் மாட்யூல், ஓஎம்3 எனப்படும் மேம்பட்ட மல்டிமோட் ஃபைபரில் 300 மீட்டர் வரை எட்டும். ஓஎம்1 ஃபைபரிலோ 33 மீட்டரோடு நின்றுவிடும். எங்கள் தொலைவு அதைப்போல் பல மடங்கு.

அதே கேபிளில் 220 மீட்டர் வரை செல்லக்கூடிய எல்ஆர்எம் மாட்யூலை எங்கள் ஸ்விட்ச் ஏற்காததால், புதிதாகச் சிங்கிள்மோட் (ஒளி ஒரே பாதையில் செல்லும்) கேபிள் இழுத்து, இரு முனைகளிலும் 1310 நானோமீட்டர் எல்ஆர் மாட்யூல்களைப் பொருத்தினோம். பிழைகள் அடியோடு நின்றன. 10 கிலோமீட்டருக்கான எல்ஆர் குறுகிய தொலைவிலும் அட்டெனுவேட்டர் (ஒளியைக் குறைக்கும் கருவி) இன்றி இயங்கும். 80 கிலோமீட்டருக்கான இசட்ஆர் வகையை அப்படி நேரடியாக இணைத்தால், மிகையான ஒளியால் எதிர்முனை ரிசீவரே பழுதாகக்கூடும். கழற்றிய எஸ்ஆர் மாட்யூல்கள் இப்போது ஒரே ரேக்கிலுள்ள ஸ்விட்சுகளை ஓஎம்3 பேட்ச் கார்டு வழியாக இணைக்கின்றன.