‘சின்ன இன்ஜின் வேலைதான்’ என்று சொல்லி விற்கப்படும் ஜேசிபி

பழைய பேக்ஹோ லோடர் விற்பவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள்: “சின்ன இன்ஜின் வேலை இருக்கிறது, மற்றபடி வண்டி சுத்தம்.” (எந்தக் கம்பெனி வண்டியானாலும் நம் ஊரில் அது ஜேசிபி, சங்கிலியில் ஓடுவதெல்லாம் ஹிட்டாச்சி.) விலையில் கொஞ்சம் குறைத்துக்கொள்வார்கள். வாங்குபவரும் தெரிந்த மெக்கானிக்கிடம் போனில் கேட்ட தொகையைக் கூட்டிப் பார்த்து, லாபம் என்று முன்பணம் கொடுத்துவிடுவார். திறக்காத இன்ஜினுக்குத் தொகை சொல்லும் மெக்கானிக் ஜோசியம் சொல்கிறார். அதை நம்புவதுதான் முதல் தவறு.

அதைவிடப் பெரிய தவறு, இன்ஜினில் என்ன போய்விட்டது என்று மட்டும் கேட்டுவிட்டு, ஏன் போனது என்று கேட்காமல் விடுவது. டீசல் இன்ஜின் தானாகச் சாவதில்லை. பெரும்பாலும் புழுதி, சூடு, ஆயில் ஆகிய மூன்றில் ஒன்றுதான் அதைக் கொன்றிருக்கும். ஏர் ஃபில்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றச் சொல்லி உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். விரலில் புழுதி ஒட்டினால் அந்த இன்ஜின் மண்ணைத் தின்றிருக்கிறது. வெளி ஃபில்டரை டயரில் தட்டித் தட்டியே கிழித்திருப்பார்கள். உள் ஃபில்டர் இருக்கவே இருக்காது. உள்ளே போன நுண்மண், லைனருக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் குழல்) பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குக்கும் நடுவே உப்புத்தாள் போலத் தேய்க்கும். என் உறவினர் ஒருவர் புது லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்றிவிட்டு, கிளாம்ப் அருகே வெடித்திருந்த பழைய குழாயையே திரும்ப மாட்டினார். ஒரு வருடம் முடிவதற்குள் மறுபடியும் நீலப் புகை. அந்தக் குழாயின் விலை, வண்டியின் இரண்டு மணி நேர வாடகை.

செங்கல் சூளையில் ஓடிய வண்டியா, ரேடியேட்டரின் சந்துகளில் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே புழுதி அடைத்திருந்தால், சூட்டில் ஹெட் (இன்ஜினின் மேல் மூடி) வளைந்திருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால், தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது. ஆயில் கறுப்பாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், டீசலில் அது இயல்பு. நீங்கள் வரும் நாளில் மட்டும் புத்தம்புது ஆயில் மினுமினுத்தால்தான் யோசிக்க வேண்டும். கெட்டியான ஆயில் ஊற்றினால் பேரிங் தட்டும் சத்தம் சில நாள்களுக்கு அடங்கிவிடும்.

சூடான இன்ஜினைப் பார்த்துவிட்டுத் திரும்புவதும் வழக்கமான ஏமாற்றம்தான். நான் வந்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள் என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் முதலில் இன்ஜின் மேல் கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகும் சிரமத்தை மறைக்க, உங்களுக்காக யாரோ முன்கூட்டியே சிரமப்பட்டிருக்கிறார்கள். ஓடும்போது ஆயில் மூடியைத் திருகாமல் சும்மா வைத்துப் பாருங்கள். மூடி துள்ளி ஆடினால் மெக்கானிக்குகள் ‘பேக் கம்ப்ரஷன்’ என்பார்கள், அதாவது ரிங் அல்லது லைனர் போய்விட்டது. நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். கறுப்புப் புகை ஃபில்டர் அடைப்பாகவோ டீசலைப் பீய்ச்சும் நாசிலின் கோளாறாகவோ மட்டும்கூட இருக்கலாம், அது நல்ல செய்தி.

பேரம் முடியுமுன் சம்பை (இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) கழற்றிப் பார்க்கக் கேளுங்கள், செலவு உங்களுடையதாகவே இருக்கட்டும். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கை, தேய்மானம் போக்க ஏற்கெனவே 0.25, 0.50 மி.மீ. என்று கடைந்திருந்தால் பேரிங் ஷெல்லின் முதுகில் அந்த அளவு பொறிக்கப்பட்டிருக்கும். இன்னொரு முறை கடைய இடமில்லை என்றால் புது கிராங்க். மெக்கானிக் போனில் சொன்ன தொகை அங்கேயே காலாவதி. முட்டை வடிவமாகத் தேய்ந்த லைனரில் புது ரிங் மட்டும் போடும் ‘ஹாஃப் இன்ஜின்’ வேலை, விற்பதற்கு மட்டுமே உதவும்.

இன்ஜின் ஓடவே ஓடாத வண்டி என்றால் கணக்கே வேறு. ஹைட்ராலிக் பம்ப், கியர்பாக்ஸ், டார்க் கன்வெர்ட்டர் எதையும் சோதிக்க வழியில்லை. அதை வாங்குபவர் இன்ஜின் வேலைக்கு மட்டுமா துணிகிறார்? பார்க்க முடியாத எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். இரும்பு விலைக்கு மேல் கொடுப்பதானால், அது சூதாட்டம் என்று தெரிந்தே கொடுங்கள். ஓடும் வண்டியை அரைமணி நேரமாவது வேலை செய்யவிட்டு, ஆயில் சூடான பிறகு பக்கெட்டைப் பாரத்தோடு தூக்கி நிறுத்தச் சொல்லுங்கள். குளிர்ந்த ஆயில் பம்பின் தேய்மானத்தை மறைத்துவிடும்.

2021 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 4 (புகை விதி) வண்டிகளில் எலெக்ட்ரானிக் கட்டுப்பாடு உண்டு. பழைய டீசல் பம்ப் வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கும் மெக்கானிக்கும் அங்கே லேப்டாப் இல்லாமல் திணறுவார். உங்கள் ஊரில் அதைப் பார்க்க ஆள் இருக்கிறாரா என்பதை வாங்குமுன் விசாரியுங்கள்.

கடைசியாக ஆர்.சி. டயரில் ஓடும் வண்டிக்குப் பதிவு கட்டாயம். இன்ஜின் வேலை பார்த்த சில வண்டிகளில் இன்ஜின் எண் பொறித்த பிளாக்கையே மாற்றியிருப்பார்கள்; ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதைப் பதிந்திருக்க மாட்டார்கள். அந்த வம்பு பெயர் மாற்ற 29, 30 படிவங்களோடு நீங்கள் வரிசையில் நிற்கும்போதுதான் வெளியே வரும். கடன் முடிந்த வண்டி என்றால், ஃபைனான்ஸ் கம்பெனி கையெழுத்திட்ட 35-ஆம் படிவத்தைக் கையில் வாங்காமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். இன்ஜின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் கிரீஸும் மண்ணும் மூடியிருக்கும். போகும்போது கொஞ்சம் மண்ணெண்ணெயும் ஒரு பழந்துணியும் எடுத்துப் போங்கள்.