"படம் எப்படி?" என்று கேட்பவரிடம் நாம் செய்யும் தவறுகள்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், குடும்ப வாட்ஸ்அப் குழுவிலோ ஆபீஸ் நண்பர்கள் குழுவிலோ யாராவது ஒருவர் "படம் எப்படி?" என்று கேட்டுவிடுவார். கேட்கிறவருக்குத் தேவை சின்ன விஷயம்தான். ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் போடலாமா, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா, இல்லை ஓடிடியில் வரட்டும் என்று விட்டுவிடலாமா? நாம் அதற்குப் பதில் சொல்லாமல், படத்துக்கே தீர்ப்பு எழுத உட்கார்ந்துவிடுகிறோம். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் ஆரம்பிக்கின்றன. விமர்சகருக்குத் தன்னைப் படிப்பவர் யாரென்று தெரியாது. உங்களிடம் கேட்பது உங்கள் மச்சான். அவருக்கு எது பிடிக்கும், எதைப் பார்த்தால் பாதியில் எழுந்து வந்துவிடுவார் என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. அந்த வசதியை விட்டுவிட்டுப் பேசுவானேன்?

கதையைச் சொல்லக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். கொலைகாரன் யார் என்று யாரும் வேண்டுமென்றே போட்டு உடைப்பதில்லை. ஆனால் கதையில் ஒரு வரிகூடச் சொல்லாமலே படத்தைக் கெடுக்க நிறைய வழி இருக்கிறது. "கடைசியில ஒரு ட்விஸ்ட் இருக்கு பாரு, சான்ஸே இல்ல" என்கிறோம். அவ்வளவுதான், இனி அவர் ஒவ்வொரு பாத்திரத்தையும் சந்தேகப்பட்டுக்கொண்டே பார்ப்பார். பாதிப் பேர் இடைவேளையிலேயே கண்டுபிடித்தும் விடுவார்கள். "கர்சீப் எடுத்துட்டுப் போ" என்றால் யாரோ சாகப்போகிறார்கள் என்று அர்த்தம். "அவரு வர்ற சீன்ல தியேட்டரே அலறுச்சு" என்றால் போஸ்டரில் இல்லாத ஒருவர் படத்தில் இருக்கிறார் என்பது தெரிந்துபோயிற்று. "இன்டர்வெல் வரைக்கும் பொறுத்துக்கோ" என்பதும் இந்த ரகம்தான். நல்லெண்ணத்தோடு சொல்வதுதான், ஆனால் அதற்குப் பிறகு அவர் முதல் பாதியைப் பார்க்க மாட்டார், இடைவேளைக்காகக் காத்திருப்பார்.

2024இல் வந்த மகாராஜா படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காலத்தை முன்னும் பின்னுமாகக் கலைத்துப் போட்டுச் சொன்ன கதை அது. இதுவரை பார்க்காதவர்கள் இந்த வாக்கியத்துக்கே என்னைத் திட்டலாம், நியாயம்தான். அந்தப் படம் எப்படி என்று கேட்டால், "சலூன் வெச்சிருக்கிற ஒருத்தர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் லட்சுமியைக் காணோம்னு புகார் கொடுக்கிறார், மீதியை நீயே பாரு" என்று நிறுத்திக்கொள்ளலாம். அது டிரெய்லரிலேயே இருந்த விஷயம். டிரெய்லரைத் தாண்டாதே என்பது எளிதாக நினைவில் வைத்துக்கொள்ளக் கூடிய எல்லை. சில டிரெய்லர்கள் முழுக் கதையையும் சொல்லிவிடுகின்றனவே என்று கேட்டால், அது தயாரிப்பாளர் பாடு.

எத்தனை நாள் கழித்துக் கதையைப் பேசலாம் என்று ஒரு சர்ச்சை எப்போதும் உண்டு. ஒரு வாரம் என்பார்கள், ஓடிடியில் வந்துவிட்டால் பேசலாம் என்பார்கள். இந்தக் கணக்கெல்லாம் முதல் நாளே போகிறவர்கள் போட்டது. கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், ஷிப்ட் வேலைக்காரர்கள், பக்கத்தில் தியேட்டரே இல்லாத ஊர்க்காரர்கள் எல்லாம் எப்போது பார்ப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? எஸ். பாலசந்தர் 1954இல் பாட்டே இல்லாமல் எடுத்த அந்த நாள் என்ற படத்தில் கொலை செய்தது யார் என்பதை இன்றைக்கும் நான் முதலில் சொல்ல மாட்டேன். எழுபது வருடத்துப் பழைய படம்தான். ஆனால் யூடியூபில் இன்று முதல்முறையாக அதைப் போட்டு உட்காரும் ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு அது புதுப்படம். "பார்த்துட்டியா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பேசினால் வேலை முடிந்தது.

அடுத்து வருவது கருத்தில் நேரும் பிழை இல்லை, சட்டச் சிக்கல். ஹீரோ அறிமுகக் காட்சியை மொபைலில் எடுத்து, "தலைவன் என்ட்ரி" என்று ஸ்டேட்டஸில் போடுவது இன்று சர்வசாதாரணம். திருடும் எண்ணம் யாருக்கும் இல்லை, சந்தோஷத்தில் செய்வதுதான். ஆனால் 2023இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டப்படி, தியேட்டரில் ஓடும் படத்தின் ஒரு பகுதியைத் திருட்டுப் பிரதியாக எடுப்பதும் பரப்புவதும் குற்றம். குறைந்தது 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. அபராதம் குறைந்தது 3 லட்சம் ரூபாய், படத்தின் கணக்குத் தணிக்கை செய்யப்பட்ட மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரைக்கும் போகலாம். பத்து விநாடி ஸ்டேட்டஸுக்காக ஒருவரைப் பிடித்து உள்ளே போடுவார்களா என்பது வேறு கேள்வி. நம் சந்தோஷத்தைக் காட்ட டிக்கெட்டைப் படம் எடுத்துப் போட்டாலே போதும், இருக்கை எண் தெரிந்தாலும் பரவாயில்லை. சட்டத்தை விடுங்கள், பின்வரிசையில் இருப்பவர் உங்கள் மொபைல் வெளிச்சத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"செகண்ட் ஹாஃப் லேக்." தமிழில் இதைவிட அதிகமாகச் சொல்லப்பட்ட திரைப்படக் கருத்து இருக்க முடியாது. சொல்லலாம், தப்பில்லை. ஆனால் எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய காலம் இது. 2024 செப்டம்பரில் வெளியான மெய்யழகன் படத்திலிருந்து, வெளியான சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடக் காட்சிகள் நீக்கப்பட்டன. அதே ஆண்டு ஜூலையில் வந்த இந்தியன் 2 படத்தில் 12 நிமிடம் குறைந்தது. முதல் நாள் பார்த்தவரும் அடுத்த வாரம் பார்த்தவரும் உட்கார்ந்து சண்டை போட்டால், இரண்டு பேரும் வேறு வேறு படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். டிவியில் பார்த்தவருக்கு வசனங்கள் ஊமையாக்கப்பட்டிருக்கும். ஓடிடியில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "எமோஷன் கனெக்ட் ஆகல" என்கிறவர்களும் உண்டு. எப்படி ஆகும்? அழுகிறவர் கண்ணைத் துடைப்பதற்குள் அடுத்த காட்சி வந்துவிடுகிறது. மலையாளப் படத்தைத் தமிழ் டப்பிங்கில் பார்த்துவிட்டு வசனம் செயற்கையாக இருக்கிறது என்று சொல்வதும் இப்படித்தான். அந்தக் குறை டப்பிங் எழுதியவருடையதாகவும் இருக்கலாம்.

குரலைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். பாராட்டுவதிலும் திட்டுவதிலும் ஆள் மாறிப்போவது சகஜம். விண்ணைத்தாண்டி வருவாயா படத்தில் த்ரிஷாவின் குரலில் மயங்கியவர்கள் மயங்கியது சின்மயியின் குரலில். நாயகன் படத்தின் வசனங்களை மணிரத்னம் பெயரில் சொல்லிக்கொண்டு திரிகிறோம், அவற்றை எழுதியது பாலகுமாரன். எல்லாவற்றையும் "டைரக்டர் டச்" என்று ஒரே ஆள் கணக்கில் எழுதிவிடுவது நமக்குப் பழகிவிட்டது. எழுத்துக்கள் ஓடும்போது எழுந்து கதவைப் பார்த்து நடக்கிற கூட்டம் நாம், அதன் விளைவு இது. யார் செய்தது என்று தெரியாவிட்டால் "அந்த மழைக் காட்சியின் சத்தம் அருமை" என்று வேலையைப் பாராட்டலாம், பெயர் வேண்டியதில்லை.

மார்க் போடுவது இன்னொரு பொல்லாத பழக்கம். "5க்கு 3.25" என்கிறார்கள். அந்தக் கால் மார்க் எங்கே போயிற்று என்று கேட்டால் பதில் இருக்காது. மார்க்கில் தவறில்லை, அளவுகோல் தெரியாத மார்க்கில்தான் தவறு. ஆனந்த விகடன் 1977இல் 16 வயதினிலே படத்துக்கு 100க்கு 62.5 கொடுத்தது. பள்ளிக்கூடக் கணக்கில் பார்த்தால் அது சுமாரான மாணவன். விகடன் வாசகருக்கோ அது தலைசுற்ற வைக்கும் மார்க், ஏனென்றால் அங்கே நாற்பதைத் தாண்டினாலே நல்ல படம். வருடக்கணக்காகப் படித்தவர்களுக்கு அந்த அளவுகோல் தெரியும். உங்கள் மூன்றேகாலுக்கு அப்படி ஒரு சரித்திரம் கிடையாது. "போன மாசம் நாம சேர்ந்து பார்த்ததைவிட இது மேல்" என்றால் மச்சானுக்குச் சட்டென்று புரியும்.

கலெக்‌ஷனைக் கருத்தாக நினைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் கோடிகளில் ஒன்றுகூட நம் வீட்டுக்கு வரப்போவதில்லை. 2003 பொங்கலுக்கு வந்து தியேட்டரில் ஓடாமல் போன அன்பே சிவத்தைத்தான் இப்போது டிவியில் போட்டால் சானல் மாற்றாமல் உட்கார்ந்திருக்கிறோம்.

"ஃபேமிலியோட பாக்கலாமா?" என்ற கேள்விக்கு மட்டும் கவனமாகப் பதில் சொல்ல வேண்டும். இங்கேதான் நிஜமாகவே ஒரு குடும்பத்தின் ஞாயிற்றுக்கிழமை பாழாகும். "ஒண்ணும் இல்ல, தாராளமா பாக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிடுவோம். நமக்கு ஒன்றும் இல்லாதது எட்டு வயதுப் பையனுக்கு ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும் காட்சியாக இருக்கும். முதலில் சான்றிதழைச் சொல்லுங்கள். 2024இன் விதிகளுக்குப் பிறகு யுஏ என்று மொட்டையாக இல்லாமல் 7+, 13+, 16+ என்று பிரித்துத் தருகிறார்கள். அந்த வயதுக்குக் குறைந்த பிள்ளையைக் கூட்டிப்போவதைப் பெற்றோர் யோசித்து முடிவு செய்ய வேண்டும் என்பது பொருள், தடை கிடையாது. தடை என்பது 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, ஏ சான்றிதழ் படத்துக்குத்தான். ஆனால் சான்றிதழ் பாதிதான் சொல்லும். ரத்தமா, கெட்ட வார்த்தையா, குழந்தைக்கு ஏதோ ஆபத்து நேரும் கதையா என்று ஒரு வரி சேர்த்தால் போதும். போன மாதம் அப்பாவை இழந்த நண்பரிடம், அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கும் படத்தை "சூப்பர், போய் பாரு" என்று மட்டும் சொல்லி அனுப்பக் கூடாது. இந்த ஓர் இடத்தில் மட்டும் கதையைக் கொஞ்சம் சொல்லிவிட்டால் தப்பில்லை. ட்விஸ்ட் போனால் போகட்டும்.

அப்புறம் "உனக்குப் புரியல." எதிராளிக்குப் படம் பிடிக்கவில்லை என்றதும் நம் வாயில் முதலில் வருவது இதுதான். அவருக்குப் புரிந்திருக்கிறது, பிடிக்கவில்லை, இரண்டும் வேறு. எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது: பிடித்திருக்கிறது என்று சொன்னவரைப் பார்த்து, "இதுல என்ன இருக்கு, லாஜிக்கே இல்ல" என்று அவருடைய சந்தோஷத்தில் ஓட்டை தேடும். ஒரே அடியில் இருபது பேர் பறக்கும் படத்துக்கு டிக்கெட் வாங்கும்போதே லாஜிக்கை வெளியே விட்டுவிட்டுத்தானே போகிறோம்? தான் போட்ட விதியைப் படமே மீறினால் கேளுங்கள், அது நியாயம். நடிகைக்கு வயதாகிவிட்டது, உடம்பு போட்டுவிட்டது என்பதெல்லாம் படத்தைப் பற்றிய கருத்தே இல்லை.

கடைசியாக, தெரிந்தவர் வேலை செய்த படம். பெரியப்பா பையன் உதவி இயக்குநர், இல்லை பக்கத்து வீட்டுப் பெண் எடிட்டிங் பிரிவில் இருந்தாள். எத்தனையோ வருட உழைப்புக்குப் பிறகு திரையில் ஒரு விநாடி வந்துபோகும் பெயர். படம் சுமார். போன் வருகிறது: "அண்ணே, எப்படி இருந்துச்சு?" இங்கே "மாஸ்டா தம்பி" என்று பொய் சொல்பவர்களும் உண்டு, உண்மை பேசுகிறேன் என்று அரை மணி நேரம் வகுப்பு எடுப்பவர்களும் உண்டு. அவருக்குத் தேவை நீங்கள் கவனித்துப் பார்த்தீர்கள் என்பது. நிஜமாகவே பிடித்த ஒரு காட்சியைச் சொல்லுங்கள், அது எந்த இடம் என்று குறிப்பாகச் சொல்லுங்கள். எவ்வளவு மோசமான படத்திலும் அப்படி ஒன்றாவது கிடைக்கும். "பெயரைப் பார்த்தேன், கைதட்டினோம்" என்று சேர்த்துச் சொல்லுங்கள், அதற்காகவாவது எழுத்துக்கள் முடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டாம் பாதியைப் பற்றி அவரே கேட்பார், முதல் வாரம் கழியட்டும்.