அமெரிக்காவின் யூட்டா, அரிசோனா பாலைநிலப் பயணம்: திருகோணமலையில் இருந்தே திட்டமிட

முதலில் மாதத்தைத் தீர்மானியுங்கள். விமான டிக்கெட், ஹோட்டல், கார் எல்லாம் அதற்குப் பிறகு. இங்கே பெரும்பாலான குடும்பங்கள் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையைப் பார்த்துத்தான் பயணம் வைக்கின்றன. ஏப்ரல் விடுமுறையென்றால் யோசிக்க வேண்டாம், போகலாம். பிள்ளைகள் இல்லாதவர்களுக்கு செப்டெம்பர் கடைசியும் ஒக்டோபரும் இன்னும் நல்லது.

ஓகஸ்ட் விடுமுறைதான் சிக்கல். அந்தப் பக்கத்து மழைக்காலம் ஜூலையில் தொடங்கி செப்டெம்பர் நடுப்பகுதி வரை நீளும். நமது மாரி மழை போல நாட்கணக்கில் பெய்யாது. பிற்பகலில் இடித்துக் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். வெறும் பாறை நீரை உறிஞ்சாது என்பதால், எங்கோ பெய்த மழை ஒடுங்கிய பாறைப் பிளவுகளுக்குள் திடீர் வெள்ளமாக வந்து சேரும். 1997 ஓகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் பேஜ் நகருக்குப் பக்கத்துப் பாறைப் பிளவான அன்டிலோப் கேன்யனில் 11 பேர் இறந்தது அப்படித்தான். மழை பெய்தது பல கிலோமீற்றர் அப்பால். வழிகாட்டி "இன்று இறங்க முடியாது" என்றால் வாதாடாதீர்கள்.

பாதை

லாஸ் வேகஸில் தொடங்கி அங்கேயே முடியும் வட்டப் பாதைதான் சிக்கனம். ஓரிடத்தில் காரை எடுத்து வேறிடத்தில் விட்டால் தனிக் கட்டணம் கேட்பார்கள்.

லாஸ் வேகஸ் – சயன் தேசியப் பூங்கா: 260 கி.மீ., கிட்டத்தட்ட 3 மணி நேரம்
சயன் – பிரைஸ் கேன்யன்: 137 கி.மீ., 2 மணி நேரம்
பிரைஸ் – பேஜ்: 240 கி.மீ., 3 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு
பேஜ் – மொனியுமென்ட் வலி: 205 கி.மீ., 2¼ மணி நேரம்
அங்கிருந்து கிராண்ட் கேன்யன் தென்விளிம்பு: 290 கி.மீ., 3¼ மணி நேரம்
தென்விளிம்பு – லாஸ் வேகஸ்: 450 கி.மீ., 4½ மணி நேரம்

முதல் நாள் தூரம் ஏறக்குறைய திருகோணமலை–கொழும்பு தூரம். நேரம் அதில் பாதிதான். இதைப் பார்த்ததும் ஆர்ச்சஸ், டெத் வலி போன்ற மற்றப் பூங்காக்களையும் சேர்க்கத் தோன்றும். சேர்க்காதீர்கள். எட்டு நாள் வைத்து, சயனிலும் கிராண்ட் கேன்யனிலும் இரண்டிரண்டு இரவு தங்குங்கள். இருட்டிய பிறகு ஓட்ட வேண்டி வந்தால் திட்டத்தில் எங்கோ பிழை: மானும், எல்க் எனும் பெரிய மான் இனமும் பாதையைக் கடப்பது அந்த நேரத்தில்தான்.

கடிகாரம் இன்னொரு தொல்லை. யூட்டா நேரம் லாஸ் வேகஸை விட ஒரு மணி நேரம் முன்னால். கோடையில் யூட்டா கடிகாரத்தை முன்னகர்த்தும், அரிசோனா நகர்த்தாது. அரிசோனாவுக்குள்ளேயே இருக்கும், பூர்வீகக் குடிகளான நவாஹோ மக்களின் நிலம் நகர்த்தும். பேஜ் நகரில் கைபேசி யூட்டாக் கோபுரத்தைப் பிடித்துத் தவறான நேரம் காட்டுவதுண்டு. அன்டிலோப் பயண நேரம் அரிசோனா நேரம்தானா என்று முன்பதிவிலேயே பார்த்து, அன்று கைபேசியில் நேரத்தைக் கையால் அமைத்துவிடுங்கள்.

நுழைவுக் கட்டணம்

2026 ஜனவரி முதல் அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கு விதி மாறிவிட்டது. சயன், பிரைஸ், கிராண்ட் கேன்யன் உட்பட 11 பூங்காக்களில் 16 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவரும் வழக்கமான கட்டணத்துக்கு மேல் 100 டொலர் கட்ட வேண்டும். ஆண்டுச் சீட்டு 250 டொலர். அது இருந்தால் இந்த மேலதிகக் கட்டணம் இல்லை. பெரியவர்கள் இருவர் இந்த மூன்றுக்கும் போனாலே ஆண்டுச் சீட்டுத்தான் இலாபம். கனடாவிலிருந்து வந்து சேரும் சொந்தங்களும் வெளிநாட்டவர் கணக்கில்தான் வருவார்கள். அன்டிலோப்பும் மொனியுமென்ட் வலியும் நவாஹோ மக்களின் நிலம். அங்கே இந்தச் சீட்டு செல்லாது.

கார்

சாரதி அனுமதிப்பத்திரத்தோடு சர்வதேச அனுமதிப்பத்திரமும் எடுங்கள். இரண்டாவது வெறும் மொழிபெயர்ப்புத்தான், முதலாவது இல்லாமல் அதற்கு மதிப்பில்லை. கார் எடுப்பவரின் பெயரிலேயே கிரெடிட் கார்ட் இருக்க வேண்டும். 25 வயதுக்குக் குறைந்த சாரதிக்குக் கட்டணம் கூடும். விமானத்தால் இறங்கியதும் ஓட்டாமல், ஓர் இரவு தூங்கிவிட்டுக் காரை எடுங்கள்.

வலப்பக்கம் ஓட்டுவது நெடுஞ்சாலையில் எளிது. தவறு நடப்பது வாகனத் தரிப்பிடத்தில் இருந்து வெளியேறும்போதும், ஆளில்லாத சந்தியில் இடப்பக்கம் திரும்பும்போதும். பாதையின் நடுக்கோடு எப்போதும் சாரதியின் தோள் பக்கம் இருக்க வேண்டும். நம் ஊரிலும் அப்படித்தான், அதை மட்டும் மனதில் வைத்தால் போதும். நம் ஜப்பான் கார்களில் சிக்னல் தண்டு வலக்கைப் பக்கம், அங்கே இடக்கைப் பக்கம். முதல் நாள் முழுக்க வைப்பர்தான் ஓடும்.

பெற்றோல் பம்பில் கார்டைச் செருகினால் அமெரிக்கத் தபால் குறியீடு கேட்கும். நமது கார்ட் அங்கேயே நின்றுவிடும். உள்ளே காசாளரிடம் பம்ப் எண்ணைச் சொல்லி முன்பணம் கட்டுங்கள். பாதித் தாங்கி குறைந்தால் அடுத்த நிலையத்தில் நிரப்பிவிட வேண்டும். டயர்க் காற்றைக் காலையில், ஓட்டுவதற்கு முன் பாருங்கள். ஓடிச் சூடான டயர் கூடுதல் அழுத்தம் காட்டும். மாற்றுச் சில்லு இருக்கிறதா என்று காரைப் பெறும்போதே டிக்கியைத் திறந்து பார்ப்பது நல்லது, பல புதிய கார்களில் இல்லை.

வரைபடத்தை முன்பே பதிவிறக்குங்கள், கைபேசிச் சிக்னல் மணிக்கணக்கில் இருக்காது. பிரைஸிலிருந்து பேஜுக்குக் குறுக்குவழியாகத் தெரியும் கொட்டன்வுட் கேன்யன் பாதை மண்பாதை. நனைந்தால் களி சில்லைப் பிடித்துக்கொள்ளும். கனாப் ஊரைச் சுற்றும் தார்ப்பாதையிலேயே போங்கள். மொனியுமென்ட் வலியின் 27 கி.மீ. சுற்றும் மண்பாதைதான், வாடகை ஒப்பந்தம் அதை அனுமதிக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

வெயில், தண்ணீர், குளிர்

சூடு நமக்குப் பழக்கம் என்று நினைத்துப் போகாதீர்கள். ஆனி, ஆடியில் கச்சான் வீசும்போது உதடு வெடிக்குமே, அந்தக் காற்றுத்தான் அங்கே நாள் முழுக்க. வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் சட்டை நனையாது. எவ்வளவு நீர் போகிறது என்று தெரியவும் தெரியாது. ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லீற்றர் தண்ணீர் காரில் இருக்கட்டும். வெறும் தண்ணீரையே குடித்தால் உடம்பில் உப்பு நீர்த்துப்போய்த் தலையிடி, வாந்தி, தடுமாற்றம் வரும். உப்புள்ள தின்பண்டத்தோடு குடியுங்கள். ஊரிலிருந்து ஜீவனிப் பக்கெட்டுகள் கொண்டுபோங்கள். கறிவேப்பிலை மட்டும் வேண்டாம், சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள்.

பிரைஸ் 2,400 மீற்றருக்கு மேல். ஏப்ரலிலும் பனி கிடக்கும், இரவில் தண்ணீர் உறையும். கம்பளிச் சட்டை இல்லாமல் விடியற்காலைக் காட்சி பார்க்க முடியாது. படியேறினால் மூச்சு வாங்கும், அது உயரத்தால்.

கிராண்ட் கேன்யனில் இறங்க இறங்கச் சூடு கூடும். ஏறுவதற்கு இறங்கியதைப் போல இரு மடங்கு நேரம் வையுங்கள். பிரைட் ஏஞ்சல் பாதையில் முதலாவது ஓய்விடம் 2.4 கி.மீ. கீழே, குடும்பத்தோடு போனால் அங்கேயே திரும்புங்கள். கோடையில் காலை 10 முதல் மாலை 4 வரை கீழே நடக்க வேண்டாம். ஒரே நாளில் அடியிலுள்ள ஆற்றங்கரை வரை இறங்கி ஏறுவதைப் பூங்கா நிர்வாகமே தடுத்துச் சொல்கிறது.

சயனில் மார்ச் முதல் நவம்பர் வரை பள்ளத்தாக்குப் பாதைக்குள் சொந்தக் கார் போகாது, பூங்கா பஸ்தான். காலை 7 மணிக்கு முன் போகாவிட்டால் வாகனத் தரிப்பிடம் நிறைந்துவிடும். ஸ்பிரிங்டேல் ஊரில் நிறுத்தி அங்கிருந்து இலவச பஸ் எடுக்கலாம். ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற செங்குத்துப் பாறை உச்சிக்கு ஏற முன்கூட்டியே குலுக்கலில் அனுமதி வாங்க வேண்டும். 1930இல் திறந்த 1.8 கி.மீ. சுரங்கப் பாதைக்கு உயர அகலக் கட்டுப்பாடு உண்டு, ஆகவே பெரிய மோட்டர்ஹோம் எடுக்காதீர்கள்.