கடவுளைக் கேள்வி கேட்பவர்கள் ஓப்பன் சோர்ஸில் செய்யும் தவறுகள்

மதத்தைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் "ஆதாரம் எங்கே?" என்று கேட்கிறவர்கள் ஓப்பன் சோர்ஸ் (மூல நிரலை, அதாவது மென்பொருளை ஆக்கும் கட்டளை வரிகளை, யாரும் படிக்கவும் மாற்றவும் விடும் மென்பொருள்) பக்கம் வந்து சேர்வது இயல்புதான். எல்லாம் வெளிப்படையாக இருக்கிறது, சந்தேகம் இருந்தால் நீயே திறந்து பார் என்கிற மனப்போக்கு இரண்டுக்கும் பொது. எனக்கும் இந்த இரண்டு ஈடுபாடும் உண்டு. ஆனால் மதத்திடம் விடாமல் கேட்கும் அந்தக் கேள்வியை, தனக்குப் பிடித்த மென்பொருள் என்று வந்ததும் நிறையப் பேர் கீழே வைத்துவிடுகிறார்கள். அங்கேதான் தவறுகள் ஆரம்பிக்கின்றன.

பெரிய தவறு இதுதான்: "மூல நிரல் திறந்திருக்கிறது, அதனால் இது பாதுகாப்பானது" என்று முடிவு கட்டுவது. திறந்திருக்கிறது என்றால் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம், அவ்வளவுதான். யாரோ சரிபார்த்துவிட்டார்கள் என்று அதற்கு அர்த்தம் இல்லை. போதுமான கண்கள் பார்த்தால் எந்தப் பிழையும் ஒளிந்திருக்க முடியாது என்று இந்த வட்டாரத்தில் ஒரு வாசகம் புழங்குகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. சரி, அந்தக் கண்கள் உண்மையில் பார்த்தனவா?

இணையத் தொடர்பை ரகசியமாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் (மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) இருந்த ஹார்ட்பிளீட் ஓட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கணினி இன்னொன்றிடம் "இருக்கிறாயா?" என்று கேட்டு ஒரு சின்னச் செய்தி அனுப்பும், கூடவே அந்தச் செய்தியின் நீளத்தையும் சொல்லும். சொன்ன நீளம் உண்மைதானா என்று நிரல் சோதிக்கவில்லை. பொய்யாக ஒரு பெரிய நீளத்தைச் சொன்னால், சர்வரின் நினைவகத்தில் இருந்து ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை, அதில் பாஸ்வேர்டு இருந்தாலும் ரகசியச் சாவி இருந்தாலும், அப்படியே எடுத்துக் கொடுத்துவிடும். 2012 மார்ச்சில் வெளியான பதிப்பில் இருந்த இந்த ஓட்டை 2014 ஏப்ரல் வரை வெட்டவெளியில் கிடந்தது. இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த அந்தத் திட்டத்துக்கு ஆண்டுக்கு வந்துகொண்டிருந்த நன்கொடை சுமார் 2,000 டாலர், முழுநேரமாக வேலை பார்த்தவர் ஒரே ஒருவர்.

லினக்ஸ் இயங்குதளத்தின் வெளியீடுகளில் ஒன்றான டெபியனில் நடந்தது இதைவிட உறுத்தலானது. 2006-இல், ஒரு சோதனைக் கருவி எச்சரிக்கை காட்டுகிறதே என்று அதே நூலகத்தின் டெபியன் பொதியில் ஒரு திருத்தம் செய்தார்கள். அந்தத் திருத்தத்தால், சாவிகளை உருவாக்கத் தேவையான தற்செயல்தன்மை கிட்டத்தட்ட முழுவதும் போய், ஒரு வகைச் சாவிக்கு 32,768 சாத்தியங்கள் மட்டும் மிஞ்சின. அத்தனையையும் ஒரு சாதாரணக் கணினியே வரிசையாக முயன்று பார்த்துவிடும். 2008 மே மாதம்தான் வெளியே தெரிந்தது. மாற்றம் பொதுவில்தான் இருந்தது, யார் வேண்டுமானாலும் படித்திருக்கலாம்.

2024-இல் நடந்த எக்ஸ்இசட் விவகாரத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். கோப்புகளைச் சுருக்கும் ஒரு சின்ன நூலகம் அது, அநேகமாக எல்லா லினக்ஸிலும் இருக்கும். அதைத் தனி ஆளாகப் பராமரித்து வந்தவர் களைத்துப்போயிருந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாக வேலை செய்து நம்பிக்கையைச் சம்பாதித்து, புதிய பதிப்புகளை வெளியிடும் பொறுப்பையும் வாங்கிக்கொண்டு, 5.6.0, 5.6.1 பதிப்புகளில், தொலைவில் இருந்து கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே வர ஒரு கள்ளக்கதவை வைத்துவிட்டார். நச்சு நிரல் சோதனைக் கோப்பு என்ற பெயரில் மனிதர் படிக்க முடியாத பைனரியாக ஒளிந்திருந்தது. அதை உசுப்பிவிடும் வரிகளோ, நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் களஞ்சியத்தில் இல்லவே இல்லை, வெளியீட்டுக்காகக் கட்டிக்கொடுத்த டார் தொகுப்புக் கோப்பில் மட்டும் இருந்தன. அதாவது, களஞ்சியத்தில் இருந்த நிரலை வரி விடாமல் படித்தவருக்குக்கூட முழு விஷயமும் தெரிந்திருக்காது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தள மென்பொருளின் நிரலாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் வேறு ஏதோ வேகச் சோதனை செய்துகொண்டிருந்தபோது, எஸ்எஸ்ஹெச் நுழைவு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக எடுக்கிறதே என்று அவருக்கு உறுத்தியது. விடாமல் தோண்டி, மார்ச் 29 அன்று பொதுவில் அறிவித்தார். பெரிய லினக்ஸ் வெளியீடுகளின் நிலையான பதிப்புகளுக்குள் போவதற்கு முன்பே பிடிபட்டது.

இந்தச் சம்பவத்தை வைத்து இரண்டு தரப்பும் அவசரப்படுகிறார்கள். "பார்த்தாயா, ஓப்பன் சோர்ஸ்தான் காப்பாற்றியது" என்கிறார் ஒருவர், "பார்த்தாயா, ஓப்பன் சோர்ஸை நம்பவே கூடாது" என்கிறார் இன்னொருவர். பிரார்த்தனை பலித்த கதைகளை மட்டும் எண்ணி, பலிக்காதவற்றை எண்ணாமல் விடுவதை நாம் குறை சொல்கிறோம் அல்லவா? அதையே இங்கே செய்யக் கூடாது. மூடிய மென்பொருளில் இதுபோல எத்தனை கிடக்கின்றன என்று எண்ணிப் பார்க்க வழியில்லை, அதனால் இந்த ஒரு சம்பவத்தை வைத்து ஒப்பிடவும் முடியாது. மூல நிரல் கையில் இருந்ததால்தான் ஃபிராயிண்டால் தோண்ட முடிந்தது என்பது உண்மை. அவர் தோண்டாமல் விட்டிருந்தால் திறந்த நிரல் தானாக எதையும் தடுத்திருக்காது என்பதும் உண்மை.

ஆகவே ஒரு திட்டத்தைப் பயன்படுத்தும் முன் கேட்க வேண்டியவை வேறு. எத்தனை பேர் பராமரிக்கிறார்கள்? கடைசியாக எப்போது ஒரு பாதுகாப்புப் பிழையைத் திருத்தினார்கள், எவ்வளவு நாள் எடுத்தது? ஒரே மூல நிரலில் இருந்து இயங்கும் கோப்பை யார் கட்டினாலும் ஒரு பைட்கூட மாறாமல் அதே கோப்பு வருகிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்கு விடை தேடித்தான் டெபியன் உள்ளிட்ட திட்டங்கள் பல ஆண்டுகளாக உழைக்கின்றன, எனக்கு அது இந்தத் துறையின் மிக அழகான வேலைகளில் ஒன்றாகத் தோன்றுகிறது.

அடுத்தது, சரிபார்த்தோம் என்று நினைத்துக்கொள்வது. இயங்குதளத்தை நிறுவ உதவும் ஐஎஸ்ஓ கோப்பை இறக்கியதும், அதன் உள்ளடக்கத்தில் இருந்து வரும் அடையாள எண்ணான ஷா256 எண்ணைக் கணக்கிட்டு, தளத்தில் போட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுவிட்டுத் திருப்தியாகிவிடுகிறோம். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வெளியீட்டின் தளத்துக்குள் புகுந்தவர்கள் இறக்கச் சுட்டியை மாற்றி, கள்ளக்கதவு வைத்த ஐஎஸ்ஓவைக் கொடுத்தார்கள். சுட்டியை மாற்ற முடிந்தவருக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணை மாற்றுவது ஒரு வேலையா? ஒரே தளத்தில் இருக்கும் எண், கோப்பு வழியில் சிதையவில்லை என்பதை மட்டும்தான் சொல்லும். யார் கொடுத்தது என்று தெரிய வேண்டுமானால் ஜிபிஜி என்ற மின்னணுக் கையொப்பத்தைச் சோதிக்க வேண்டும், கையொப்பமிட்ட சாவியின் கைரேகையையும் (சுருக்க அடையாள எண்) வேறொரு வழியில் உறுதிப்படுத்த வேண்டும். கொஞ்சம் சிரமம்தான். ஒரு புனித நூல் உண்மை என்பதற்கு அதே நூலை மேற்கோள் காட்டினால் ஏற்க மறுக்கிறவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கஷ்டமாக இருக்காது.

இணையத்தில் இருந்து கோப்பை எடுக்கும் கர்ல் கட்டளையின் விளைவை, முழு அதிகாரத்தோடு கட்டளைகளை ஓட்டும் சூடோ பாஷுக்குள் நேராகக் கொட்டும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கோப்பை முதலில் இறக்குங்கள், திறந்து படியுங்கள், அப்புறம் ஓட்டுங்கள்.

சடங்குகள் என்று நான் கருதுபவை தனி. ஏதோ வேலை செய்யவில்லை என்றால் கோப்பு அனுமதிகளை எல்லோருக்கும் திறந்துவிடும் சிஹெச்மாட் 777 போடுவது, லினக்ஸின் பாதுகாப்புக் காவலான எஸ்இலினக்ஸை அணைப்பது, கேஷைக் காலி செய்வது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்துவிட்டு மறுபடி துவக்குவது. சரியாகிவிட்டால் அந்த வரிசையை அப்படியே மனப்பாடம் செய்து அடுத்தவருக்கும் சொல்வது. எது சரிசெய்தது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் 777 போட்ட அடைவு (ஃபோல்டர்) மட்டும் யார் வேண்டுமானாலும் எழுதும்படி திறந்தே கிடக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றுங்கள், சோதியுங்கள், மாற்றத்தைத் திரும்ப எடுத்தால் கோளாறு திரும்பி வருகிறதா என்றும் பாருங்கள். நிரலில் புதிதாக முளைத்த பிழை என்றால் கிட் பைசெக்ட் இருக்கிறது: நன்றாக இருந்த பழைய நிலையையும் கெட்டுப்போன இன்றைய நிலையையும் சொன்னால் நடுவில் பாதிப் பாதியாக வெட்டிக்கொண்டே போகும். ஆயிரம் மாற்றங்கள் இருந்தாலும் ஏறக்குறைய 10 சோதனைகளில் குற்றவாளியைக் காட்டிவிடும். ஊகத்துக்கு வேலையே இல்லாத இந்தக் கருவியைப் பழகாமல் இருப்பது பெரிய இழப்பு.

அப்புறம், ஆட்களை வணங்குவது. 1983-இல் கட்டற்ற இயங்குதளத்துக்கான குனு திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மனுக்கும் 1991-இல் லினக்ஸை வெளியிட்ட லினஸ் டோர்வால்ட்ஸுக்கும் நாம் நிறையக் கடன்பட்டிருக்கிறோம். அதற்காக அவர்கள் சொல்வதெல்லாம் சரி என்று ஆகாது. டோர்வால்ட்ஸே 2018-இல் மற்றவர்களிடம் தான் நடந்துகொண்ட விதத்துக்கு மன்னிப்புக் கேட்டு, சில வாரங்கள் ஒதுங்கியிருந்தார்.

இதன் மறுபக்கம், நம்பிக்கையாளர் என்றாலே சிந்திக்கத் தெரியாதவர் என்று ஒதுக்குவது. கடவுள் மறுப்பாளர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது. டெக் அச்சுக்கோப்பு மென்பொருளை உருவாக்கிய டொனால்ட் நூத் ஒரு லூதரன் கிறிஸ்தவர். பெர்ல் மொழியைத் தந்த லாரி வாலும் கிறிஸ்தவர்தான். நூத் தன் புத்தகங்களில் பிழை கண்டுபிடிக்கிறவர்களுக்கு 2.56 டாலர் காசோலை அனுப்பியவர். தன் வேலையைச் சந்தேகிக்கும்படி ஊரை அழைத்து அதற்குப் பணமும் கொடுத்தவரிடம் இருந்து, எங்களைப் போன்ற சந்தேகவாதிகள் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. அவருடைய மதக் கருத்தை நான் ஏற்கவில்லை, அதைச் சொல்லவும் தயங்கமாட்டேன். ஆனால் அந்த வாதம் வேறு, டெக்கின் தரம் வேறு.

உரிமத்தைப் படிக்காமல் விடுவது இன்னொன்று. பொதுவில் கிடக்கும் நிரல் எல்லாம் ஓப்பன் சோர்ஸ் என்று நினைக்கிறார்கள். உரிமம் எதுவும் இல்லை என்றால் பதிப்புரிமை முழுக்க எழுதியவருடையது, எடுத்துப் பயன்படுத்த நமக்கு அனுமதி இல்லை. ஓப்பன் சோர்ஸில் பரவலாகப் புழங்கும் எம்ஐடி உரிமத்தைக் கடைசி வரை படித்தால், எந்த உத்தரவாதமும் கிடையாது என்று பெரிய எழுத்துகளில் போட்டிருப்பதும் தெரியும். நிரலைக் கொடுத்தவரே "நம்பிவிடாதே" என்கிறார், இதைவிட நேர்மையான அறிவிப்பு வேறு என்ன வேண்டும்?

"நம் கொள்கைக்கு எதிரானவர்கள் நம் நிரலைப் பயன்படுத்தக் கூடாது" என்று உரிமத்தில் ஒரு வரி சேர்க்க ஆசைப்படுகிறவர்களும் உண்டு. வேண்டாம். எந்த ஆளுக்கும் குழுவுக்கும் எதிராகவும், எந்தத் துறைக்கு எதிராகவும் பாகுபாடு காட்டக் கூடாது என்பது ஓப்பன் சோர்ஸ் வரையறையிலேயே இருக்கிறது. ஜேசன் (JSON) என்ற தரவு வடிவத்துக்கான நிரல்களின் உரிமத்தில் "நன்மைக்கே பயன்படுத்த வேண்டும், தீமைக்கு அல்ல" என்று ஒரு நிபந்தனை உண்டு. நல்ல எண்ணம்தான், ஆனால் அந்த ஒரு வரிக்காகவே கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் டெபியனும் அதைக் கட்டற்ற உரிமமாக ஏற்கவில்லை. எது நன்மை என்று யார் தீர்மானிப்பது? நம் ஃபோன்களில் எல்லாம் இருக்கும் எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள நூலகம் இதே நினைப்பை வேறு மாதிரி வைத்திருக்கிறது. பதிப்புரிமையையே துறந்துவிட்டு, அந்த இடத்தில் "நீ நன்மை செய்வாயாக, தீமை செய்யாதிருப்பாயாக" என்று ஒரு ஆசி மட்டும் எழுதியிருக்கிறார்கள். இது நிபந்தனை அல்ல, வாழ்த்து. எழுதியவரின் மத நம்பிக்கை எனக்கு இல்லை, ஆனாலும் அந்த ஆசியை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்கிறேன்.

கடைசியாக, மதமாற்ற வேகம். கேட்காதவர் கணினியில் லினக்ஸைப் போட்டுவிட்டு, அவருடைய பிரின்டர் ஓடவில்லை, கணக்கு மென்பொருள் திறக்கவில்லை என்றதும் "கற்றுக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறவர்கள், ஓப்பன் சோர்ஸுக்கு அவர்களை அறியாமலே எதிரிகளைச் சேர்க்கிறார்கள். முதலில் அவர் அன்றாடம் என்ன வேலை செய்கிறார் என்று கேளுங்கள். லிப்ரெஆஃபீஸ், ஃபயர்ஃபாக்ஸ், விஎல்சி போன்றவை விண்டோஸிலேயே ஓடும், அவற்றில் இருந்து ஆரம்பிக்கலாம். லினக்ஸைப் பார்க்க அவரே விரும்பினால், நிறுவாமல் பென்டிரைவில் இருந்து நேரடியாக இயக்கிக் காட்டுங்கள். வைஃபை பிடிக்கிறதா, பிரின்டர் தெரிகிறதா, அவருடைய கோப்புகள் ஒழுங்காகத் திறக்கின்றனவா என்று அவர் எதிரிலேயே சோதித்துவிடலாம், சரிப்படவில்லை என்றால் பென்டிரைவைக் கழற்றிவிட்டு மறுபடி துவக்கினால் பழையபடி விண்டோஸே வந்துவிடும்.